குடி ஆசைக்கு மார்க் போடுவது எப்படி?

அமெரிக்காவில் பிறந்த ஐந்து கேள்விகளை இந்தியில் கேட்கும்போது வார்த்தைகள் மாறுகின்றன. சில சமயம் கேள்வியே மாறிவிடுகிறது. தவறான மார்க்கோடு வீடு திரும்பும் நோயாளிக்குத்தான் ஆபத்து.

கேள்வித்தாள் ஒரே ஒரு பக்கம். மொத்தம் ஐந்து கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் பூஜ்யத்திலிருந்து ஆறு வரை மார்க், அதிகபட்சம் 30. கடந்த ஒரு வாரத்தில் குடி நினைப்பு எத்தனை முறை வந்தது, எவ்வளவு கடுமையாக வந்தது, எவ்வளவு நேரம் நீடித்தது, எதிர்த்து நிற்பது எவ்வளவு கஷ்டம், மொத்தத்தில் அந்த வாரம் எப்படிப் போயிற்று - இவ்வளவுதான். பென்சில்வேனியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1999ல் வெளியிட்ட இந்த 'பென் அளவுகோல்', குடியை விட முயலும் ஒருவரின் வேட்கையை எண்ணாக மாற்றித் தருகிறது. நிரப்புவதற்குச் சில நிமிடங்கள் போதும். கட்டணம் கிடையாது. நோயாளிகள் வரிசையில் காத்திருக்கும் இந்திய மருத்துவமனைக்கு இதைவிடத் தோதான கருவி வேறென்ன வேண்டும்?

சிக்கல் நான்காவது கேள்வியில் இருக்கிறது. வீட்டில் ஒரு பாட்டில் இருப்பது உங்களுக்குத் தெரிந்திருந்தால், குடிக்காமல் இருப்பது எவ்வளவு கடினமாக இருந்திருக்கும் என்று கேட்கிறது அது. பிலடெல்பியாவில் இதைப் புரிந்துகொள்ள யாரும் தலையைச் சொறிய வேண்டியதில்லை. சமையலறை அலமாரியில் பாட்டில் இருக்கும் ஊர் அது.

தில்லியை ஒட்டிய காஜியாபாதில் கட்டட வேலை பார்க்கும் ஒருவரிடம் இதே கேள்வியைப் பிசகில்லாத இந்தியில் கேட்டால் என்ன ஆகும்? அவர் குடிப்பது 'டேகா' என்று அழைக்கப்படும் மதுக்கடையின் வாசலில். வாங்குவது 'பவ்வா', அதாவது 180 மில்லி. பக்கத்துத் தள்ளுவண்டியில் பிளாஸ்டிக் டம்ளரும் உப்புக் கடலையும் கிடைக்கும். பத்து நிமிடத்தில் விஷயம் முடிந்துவிடும்; காலி பாட்டில் அங்கேயே கிடக்கும். அப்பாவும் மனைவியும் பிள்ளைகளும் இருக்கும் ஒற்றை அறைக்கு எவரும் பாட்டிலைக் கொண்டுபோவதில்லை. என் வீட்டில் பாட்டில் எங்கிருந்து வரும், அதனால் கஷ்டம் ஒன்றுமில்லை என்று அவர் சொன்னால் அது பொய்யில்லை. மார்க் பூஜ்யம். மொழிபெயர்ப்பில் ஒரு வார்த்தைகூடத் தப்பில்லை. ஆனால் அந்தப் பூஜ்யம் அவருடைய வேட்கையைப் பற்றி எதையும் சொல்லவில்லை. அவர் எந்த இடத்தில் குடிக்கிறார் என்பதைத்தான் சொல்கிறது.

பீகாரில் நிலைமை இன்னும் வினோதம். 2016 ஏப்ரலிலிருந்து அங்கு முழு மதுவிலக்கு. பாட்டில் வைத்திருப்பதே குற்றம். அங்கே வெள்ளைக் கோட்டுப் போட்ட ஒருவர் கையில் காகிதத்தோடு உட்கார்ந்து 'உங்கள் வீட்டில் பாட்டில் இருந்தால்' என்று ஆரம்பித்தால், அது மருத்துவம் போலவா ஒலிக்கும்? 1960ல் மாநிலம் உருவான நாளிலிருந்தே மதுவிலக்கில் இருக்கும் குஜராத்திலும் இதே கதை.

மொழிபெயர்த்த கேள்வித்தாளை அப்படியே அச்சடித்து வார்டுக்கு அனுப்பக் கூடாது, முதலில் அதையே சோதிக்க வேண்டும் என்று ஆய்வாளர்கள் பிடிவாதம் பிடிப்பது இதனால்தான். கேட்க நினைத்ததைத்தான் கேட்கிறதா, அளக்க நினைத்ததைத்தான் அளக்கிறதா என்று பார்க்கும் இந்த வேலைக்கு ஏற்புடைமைச் சோதனை என்று பெயர். மாதக்கணக்கில் இழுக்கும் சலிப்பூட்டும் வேலை. செய்தால் யாரும் பாராட்டப்போவதில்லை. செய்யாமல் விட்டாலும் யாருக்கும் தெரியப்போவதில்லை, நோயாளியைத் தவிர.

அந்த எண்ணை நம்பித்தான் பல முடிவுகள் எடுக்கப்படுகின்றன. பென் அளவுகோலை உருவாக்கியவர்கள் கண்டது இது: சிகிச்சையின் ஆரம்ப வாரங்களில் அதிக மார்க் வாங்கியவர்களே பிறகு மீண்டும் குடியில் விழுந்தவர்களில் அதிகம். எனவே மார்க் அதிகமானால் மருத்துவர் உஷாராகலாம். அடுத்த வாரமே வரச் சொல்லலாம். நால்ட்ரெக்ஸோன் போன்ற மருந்துகள், அமெரிக்க அரசு 1994ல் குடிநோய்க்கு அனுமதித்த மருந்து இது, வேலை செய்கின்றனவா என்று பார்ப்பதற்கும் வேட்கை மார்க் ஒரு முக்கியமான அளவை. அளவுகோல் கோணலாக இருந்தால் பலனற்ற மருந்து பாஸாகிவிடலாம். பலனுள்ள மருந்து ஃபெயிலாகலாம். பூஜ்யம் வாங்கிய கட்டடத் தொழிலாளியோ, தேறிவிட்டார் என்று வீட்டுக்கு அனுப்பப்படுவார். வழியில் டேகா இருக்கிறது.

எத்தனை பேருக்கான கவலை இது? மத்திய சமூக நீதி அமைச்சகத்துக்காக தில்லி எய்ம்ஸின் தேசிய போதை சிகிச்சை மையம் நடத்தி 2019ல் வெளியான நாடு தழுவிய ஆய்வின்படி, 10 வயது முதல் 75 வயது வரையிலான இந்தியர்களில் 14.6 சதவீதம் பேர், அதாவது சுமார் 16 கோடிப் பேர், மது அருந்துகிறார்கள். இவர்களில் ஐந்து கோடியே எழுபது லட்சத்துக்கும் அதிகமானோருக்குக் குடி ஒரு பிரச்னையாகவே ஆகிவிட்டிருக்கிறது. குடிக்கு அடிமையானவர்களில் 38 பேருக்கு ஒருவர்தான் ஏதேனும் ஒரு சிகிச்சை கிடைத்ததாகச் சொல்லியிருக்கிறார். அத்தனை தடைகளையும் தாண்டி மருத்துவமனைப் படியேறி வரும் அந்த ஒருவரிடமாவது சரியான கேள்வியைக் கேட்க வேண்டாமா?

ஆங்கிலத்திலேயே 'கிரேவிங்' என்ற சொல் எப்போதும் சந்தேகத்துக்கு உரியதாகவே இருந்து வந்திருக்கிறது. சாக்லேட்டுக்கும் கிரேவிங், சிகரெட்டுக்கும் கிரேவிங், கர்ப்பிணிக்கு ஊறுகாய் மேல் வருவதும் கிரேவிங். அன்றாடப் பேச்சில் இப்படி அர்த்தம் வழியும் சொல்லை அறிவியல் எழுத்தில் தவிர்ப்பது நல்லது என்று உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு 1955லேயே பரிந்துரைத்தது. சொல்லைத் துரத்தலாம், அனுபவத்தைத் துரத்த முடியுமா? 2013ல் வெளியான அமெரிக்க மனநோய் வரையறைக் கையேட்டின் ஐந்தாம் பதிப்பு, குடிநோயின் 11 அடையாளங்களில் ஒன்றாக அதே கிரேவிங்கைச் சேர்த்துக்கொண்டது. மூலமொழியில் ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் தகராறில் இருந்த சொல்லுக்கு இந்தியில் சட்டென்று இணை கிடைக்கும் என்று எதிர்பார்ப்பது பேராசை.

அகராதி தயங்காமல் மூன்று நான்கு சொற்களைத் தருகிறது. 'லால்சா' பாடப்புத்தகச் சொல். பேராசையின் வாடை வீசும். 'இச்சா' எல்லோருக்கும் தெரிந்த, கௌரவமான சொல். அச்சுப் படிவத்தில் அழகாக உட்காரும். ஆபத்தும் அதில்தான். இச்சா என்றால் விருப்பம். மனைவி அழுது, பெரியவர் கண்டித்து, கோயிலில் சத்தியம் செய்துவிட்டு வந்திருக்கும் மனிதரிடம் 'போன வாரம் குடிக்க விருப்பம் இருந்ததா?' என்று கேட்டால் அவர் என்ன சொல்வார்? இல்லவே இல்லை என்பார். அதுவும் உண்மைதான். அவர் குடிக்க விரும்பவில்லை. விரும்பாமலேயே கால் அந்தப் பக்கம் போகிறது, தொண்டை கேட்கிறது, வேறெதிலும் நினைப்பு நிற்பதில்லை. கேள்வித்தாள் அறிய விரும்புவது இதைத்தான். 'இச்சா' கேட்பதோ அவருடைய சங்கல்பத்தை. யாருக்குச் சங்கல்பமும் வேட்கையும் எதிரெதிர்த் திசையில் இழுக்கின்றனவோ, அதாவது யாருக்குச் சிகிச்சை மிக அவசியமோ, அவர்தான் இந்தச் சொல்லால் குறைந்த மார்க் வாங்குவார்.

மிச்சமிருப்பது 'தலப்'. வட இந்தியா முழுவதும் டீக்கும் பீடிக்கும் புகையிலைக்கும் வருவது தலப்தான். அரபியிலிருந்து வந்த சொல். தேடுதல், கோருதல் என்று பொருள். நீதிமன்றம் ஒருவரை ஆஜராகச் சொல்லி அழைத்தால் இந்திப் பத்திரிகைகள் அதையும் 'தலப்' என்றுதான் எழுதுகின்றன. மது சம்மன் அனுப்புகிறது, மனிதன் ஆஜராகிறான். வேட்கைக்கு இதைவிடப் பொருத்தமான உருவகத்தைக் கவிஞர் யாரும் யோசித்துத் தந்துவிட முடியாது. ஆனாலும் குறைகள் உண்டு. நாலு மணி டீயின் தலபும், விடியற்காலைக் குடியின் தலபும் ஒரே சொல்தான் என்பதால் கடுமை மங்கிப்போகலாம். தெருவில் புழங்கும் சொல் மருத்துவப் படிவத்தில் வருவதா என்று குழுவில் யாராவது முகம் சுளிக்கவும் கூடும்.

தமிழுக்கும் இதில் விலக்கில்லை. இந்தக் கட்டுரையில் வரும் 'வேட்கை' தமிழ் படித்தவர்களுக்குப் புரியும். 'நாக்கு நமநமங்குது' என்றால் வார்டில் எல்லோருக்கும் புரியும். அச்சடிக்கத்தான் யாருக்கும் மனம் வராது.

சொல்லைத் தேர்ந்த பிறகு வருவது பின்மொழிபெயர்ப்பு. அமெரிக்க உளவியலாளர் ரிச்சர்ட் பிரிஸ்லின் 1970ல் எழுதிய கட்டுரைக்குப் பிறகு பிரபலமான முறை இது. ஒருவர் ஆங்கிலத்திலிருந்து இந்திக்குக் கொண்டுவருவார். மூலத்தைப் பார்த்திராத இன்னொருவர் அந்த இந்தியைத் திரும்ப ஆங்கிலமாக்குவார். இரண்டு ஆங்கிலங்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஓட்டை எங்கே என்று தெரிந்துவிடும். தெரியாமலும் போகலாம். மொழிபெயர்ப்பில் பழகியவர்களுக்கு இதன் சூட்சுமம் தெரியும். நல்ல ஆங்கிலம் தெரிந்த பின்மொழிபெயர்ப்பாளர் 'லால்சா'வைப் பார்த்த உடனே, இது கிரேவிங் ஆகத்தான் இருக்க வேண்டும் என்று ஊகித்து அதையே எழுதிவிடுவார். வட்டம் அழகாக மூடிக்கொள்ளும். மோசமான மொழிபெயர்ப்பை நல்ல மொழிபெயர்ப்பாளர் காப்பாற்றிவிடுவார். வீட்டில் இருக்கும் அந்த பாட்டிலோ இரண்டு திசையிலும் ஒரு கீறல்கூட இல்லாமல் பயணம் போய்த் திரும்பும்.

எனவே கேள்வித்தாள் நோயாளிகளிடம் போகிறது. மார்க் வாங்குவதற்காக அல்ல, சத்தம் போட்டு யோசிக்கச் சொல்வதற்காக. 'இந்தக் கேள்வி உங்களிடம் என்ன கேட்கிறது, உங்கள் பாஷையில் சொல்லுங்கள்' என்பதுதான் இங்கே கேள்வி. பத்துப் பதினைந்து பேர் போதும். மொத்த வேலையிலும் மலிவானதும் அதிகம் தவிர்க்கப்படுவதும் இந்தக் கட்டம்தான். தவிர்க்காதவர்களுக்குப் பல விஷயங்கள் வெளிச்சமாகும். பென் அளவுகோலின் மூன்றாவது கேள்வி நிமிடக் கணக்கில் பதில் கேட்கிறது: இருபது நிமிடத்துக்குக் குறைவா, முக்கால் மணி நேரமா, ஒன்றரை மணியா, ஆறு மணிக்கும் மேலா? முதல் கேள்வி தடவைகளை எண்ணச் சொல்கிறது. குடி நினைப்பை வாட்ச் பார்த்து அளந்தவர் யார்? காலையில் கூலிக்கு நின்றதிலிருந்து சாயங்காலம் காசு வாங்கும்வரை என்று பொழுதைக் கணக்கிடும் மனிதருக்கு 45 நிமிடத்துக்கும் 46 நிமிடத்துக்கும் நடுவே கோடு கிழித்துத் தந்தால் அவர் தோராயமாக ஒன்றைக் காட்டுவார்.

எண்கள் அவருக்கு வராதவை அல்ல. வேறு எண்கள் வரும். உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்டால், ரூபாய்க்குப் பன்னிரண்டு அணா தேவலை என்று பதில் சொல்லும் வழக்கம் இந்திப் பிரதேசத்தில் இன்னும் சாகவில்லை. பதினாறு அணா என்றால் முழுசு என்பது நம்மவர்களுக்கும் தெரிந்ததுதான். பூஜ்யம் முதல் ஆறு வரை என்ற ஏணியில் தடுமாறுகிறவர், அணாவில் கேட்டால் சட்டென்று சொல்லிவிடக்கூடும். ஆனால் அணாவுக்கு மாறினால் அது அதே அளவுகோலா?

குடியின் அளவைக் கேட்கும் கேள்வித்தாள்களில் சிக்கல் இரட்டிப்பாகிறது. தென் கரோலினாவில் உருவாகி 1995ல் வெளியான 14 கேள்விகள் கொண்ட இன்னொரு அளவுகோல், ஒரு நாளைக்கு எத்தனை 'டிரிங்க்' என்றும் கேட்கிறது. இந்தியக் கணக்கில் ஒரு டிரிங்க் என்றால் 10 கிராம் ஆல்கஹால், 42.8 சதவீத விஸ்கியில் அது 30 மில்லி. ஒரு பவ்வாவில் இப்படி ஆறு அடங்கும். 'ஒன்றே ஒன்றுதான் குடிப்பேன்' என்பவர் உண்மையில் ஆறு குடித்திருப்பார். ஜார்க்கண்ட் ஆதிவாசி கிராமங்களில் அரிசியிலிருந்து வடிக்கும் 'ஹண்டியா'வைக் குடிப்பவர், 'ஷராப்' குடிப்பீர்களா என்று கேட்டால் இல்லை என்று சொல்லக்கூடும். அவருக்கு ஷராப் என்பது கடையில் விற்கும் சரக்கு.

இவ்வளவும் முடிந்த பிறகுதான் புள்ளிவிவரம். நூறு, இருநூறு நோயாளிகள். ஐந்து கேள்விகளும் ஒரே விஷயத்தைச் சுற்றி வருகின்றனவா என்று பார்க்க, லீ கிரான்பாக் 1951ல் வகுத்த ஆல்ஃபா என்ற எண். 0.7க்கு மேல் இருந்தால் ஆய்வாளருக்கு நிம்மதி. ஆனால் ஆல்ஃபா ஒரு விஷயத்தைச் சொல்லாது. ஐந்து கேள்விகளும் ஒற்றுமையாகத் தவறான ஒன்றை அளந்தாலும் எண் உயர்ந்தே வரும். ஐந்திலும் 'இச்சா'வைப் போட்டால் ஐந்தும் சங்கல்பத்தை அளக்கும். ஆல்ஃபா அமோகமாக இருக்கும். அடுத்தது, சில நாள் கழித்து அதே நபரிடம் மறுபடி கேட்டு இரண்டு மார்க்கும் ஒத்துப்போகின்றனவா என்று பார்ப்பது. உயரத்துக்கும் அறிவுத்திறனுக்கும் இது சரி. வேட்கை அப்படிப்பட்டதல்லவே. ஹோலிக்கு முந்தைய நாளும் ஹோலி முடிந்த வாரமும் ஒன்றாகுமா? இரண்டு மார்க்கும் வேறுபட்டால் அளவுகோல் பழுது என்றும் சொல்லலாம், அளவுகோல் உயிரோடு இருக்கிறது என்றும் சொல்லலாம்.

உபயோகமான சோதனை வேறொன்று. குடியை நிறுத்திய முதல் சில நாள் கை நடுங்கும், வியர்க்கும், தூக்கம் வராது. இதை அளக்க 1989ல் வெளியான பத்து அம்சப் பட்டியல் தனியாக இருக்கிறது. வேட்கை மார்க்கும் நடுக்க மார்க்கும் ஒன்றாகவே ஏறி ஒன்றாகவே இறங்கினால் சந்தேகப்பட வேண்டும்: மொழிபெயர்த்த கேள்வி வேட்கையை விட்டுவிட்டு உடம்பின் உபாதையைக் கேட்டுக்கொண்டிருக்கலாம். பஞ்சாபியில் இந்த அபாயம் அதிகம். போதைப் பொருள் கிடைக்காமல் உடம்பு முறுக்கிக்கொள்ளும் நிலைக்கு அங்கே 'தோட்' என்று சொல்வார்கள். பற்றாக்குறை என்பது பொருள். அந்த ஒற்றைச் சொல்லில் உடல் வலியும் மன இழுப்பும் பின்னிக் கிடக்கின்றன. நடுக்கம் ஒரு வாரத்தில் போய்விடும். வேட்கை மாதக்கணக்கில் காத்திருக்கும்.

தொண்ணூறுகளில் உலக சுகாதார நிறுவனம் ஒன்பது ஊர்களில் ஓர் ஆய்வு நடத்தியது. ஆங்காரா, ஏதென்ஸ், இபாதான், மெக்சிகோ சிட்டி, சியோல் ஆகியவற்றோடு நம் பெங்களூரும் அதில் ஒன்று. குடி அடிமைத்தனத்தின் அடையாளங்கள் எல்லா மொழியிலும் ஒரே மாதிரி புரிந்துகொள்ளப்படுகின்றனவா என்பதே கேள்வி. உடம்பில் தெரியும் அடையாளங்கள் பெரும்பாலும் தாக்குப்பிடித்தன. மனதுக்குள் நிகழ்பவற்றில்தான் ஊருக்கு ஊர் வித்தியாசம் அதிகம். கை நடுக்கத்துக்கு மொழிபெயர்ப்பாளர் தேவையில்லை.

இந்தியாவில் கேள்வித்தாளை யார் நிரப்புகிறார் என்பதும் ஒரு கேள்வி. பிலடெல்பியாவில் நோயாளி பேனாவை எடுத்துத் தானே டிக் அடிக்கிறார். 2011 சென்சஸ்படி இந்தியாவில் நூற்றில் 74 பேர்தான் எழுத்தறிந்தவர்கள். எனவே நர்ஸோ ஆய்வு உதவியாளரோ வாசிக்க வேண்டும். வாசிக்கும்போது பக்கத்தில் மனைவி இருப்பார், சில சமயம் மாமனாரும். டிஸ்சார்ஜ் எப்போது என்று தெரியாத நோயாளிக்கு எந்தப் பதில் டாக்டருக்குப் பிடிக்கும் என்று மட்டும் நன்றாகத் தெரியும். அறையில் வேறு யாரும் இல்லாமல் கேட்பது என்ற சின்ன ஏற்பாட்டுக்கு எந்தப் புள்ளிவிவரமும் ஈடாகாது. ஆனால் அறை வேண்டுமே.

பெண்கள் விஷயம் இன்னும் மோசம். 2019 ஆய்வில் ஆண்களில் 27.3 சதவீதம் பேர் குடிப்பவர்கள், பெண்களில் 1.6 சதவீதம். சிகிச்சைக்கு வரும் இருநூறு பேரைச் சேர்த்தால் அதில் பெண்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். 'இந்தியில் சோதிக்கப்பட்டது' என்ற முத்திரைக்கு 'இந்தி பேசும் ஆண்களிடம்' என்பதே சரியான வாசகம்.

நான்காவது கேள்வியை என்ன செய்வது? பாட்டிலை அப்படியே விட்டுவிடலாம். உலகத்தோடு ஒப்பிட வசதி. 'வேலை முடிந்து திரும்பும் வழியில் டேகா திறந்திருந்தால்' என்று மாற்றலாம். காஜியாபாதில் உயிர் பெறும் கேள்வி, பாட்னாவில் செத்துவிடும். 'கூட்டாளி ஒருவர் டம்ளரை நீட்டினால்' என்றும் கேட்கலாம். அப்போது அளக்கப்படுவது வேட்கையா, நட்புக்கு மறுப்புச் சொல்ல முடியாத தாட்சண்யமா என்ற புதிய தகராறு கிளம்பும். நேர்மையான வழி ஒன்று உண்டு. மூன்று வடிவத்தையும் அதே இருநூறு பேரிடம் கேட்டுவிட்டு, அடுத்த மாதம் யார் மறுபடி குடித்தார்கள், அதை எந்த வடிவம் முன்கூட்டியே சொன்னது என்று பார்ப்பது. அதற்கு இருநூறு பேரையும் ஒரு மாதம் பின்தொடர வேண்டும். அறுவடைக்கு ஊருக்குப் போனவரின் செல்போன் அணைந்து கிடக்கிறது. இன்னொருவர் கொடுத்த நம்பர் பழைய மேஸ்திரியுடையது. மூன்றாமவரின் போனை எடுக்கும் மனைவி, அவர் நலமாக இருக்கிறார் என்று சொல்லிவிட்டு உடனே வைத்துவிடுகிறார்.